ரத்தம் சொல்வதும் சொல்லாததும்: நுரையீரல் புற்றின் வகையைக் கண்டறிதல்

"சதை எடுக்காம ரத்தத்துலயே என்ன கேன்சர்னு கண்டுபிடிச்சிடலாமாமே, அப்புறம் எதுக்குங்க ஊசி குத்தணும்?" சேலத்தில் நுரையீரல் மருத்துவரின் அறைக்கு வெளியே காத்திருக்கும் குடும்பங்களிடம் இந்தக் கேள்வி இப்போது சகஜமாகிவிட்டது. வாட்ஸ்அப்பில் வந்த காணொளி, தனியார் லேபின் விளம்பரம், பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் சொன்ன தகவல் என்று எங்கிருந்தோ வந்து சேர்ந்துவிடுகிறது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் ரத்தத்திடம் நாம் கேட்பது ஒரு கேள்வி இல்லை, இரண்டு. இந்தப் புற்று எந்த வகை என்பது ஒன்று. இது எந்த மருந்துக்குக் கேட்கும் என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்விக்கு ரத்தம் இன்று நன்றாகவே பதில் சொல்கிறது. முதல் கேள்விக்கு இன்னும் திக்கித் திக்கித்தான் பேசுகிறது.

வகைக்காக ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? நுரையீரல் புற்றுநோய் ஒரே நோய் இல்லை. நூறு பேரில் சுமார் 15 பேருக்கு வருவது சிறு செல் வகை. பெரும்பாலும் நீண்ட காலம் புகைத்தவர்களுக்கு வரும். வேகமாகப் பரவும். அறுவை சிகிச்சைக்கு அநேகமாக வாய்ப்பே தராது, ஆனால் கீமோவுக்கு முதலில் நன்றாக அடங்கும். மீதி 85 பேருக்கு வருவது சிறு செல் அல்லாத வகை. அதற்குள் இரண்டு பெரிய பிரிவுகள் உண்டு. நுரையீரலின் ஓரப் பகுதியில் அதிகம் காணப்படும் அடினோகார்சினோமா ஒன்று. பெரிய மூச்சுக்குழாய்களின் உட்சுவரில், நடுப்பகுதியில் அதிகம் வளரும் ஸ்குவாமஸ் இன்னொன்று.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டிய கட்டாயம் முன்பெல்லாம் இருந்ததில்லை. சிறு செல்லா இல்லையா என்று தெரிந்தால் போதும், மற்றவர்களுக்கெல்லாம் ஏறத்தாழ ஒரே கீமோதான். நிலைமையை மாற்றியவை மருந்துகள். பெவாசிசுமாப் மருந்தைச் சோதித்தபோது ஸ்குவாமஸ் நோயாளிகள் சிலருக்கு நுரையீரலில் உயிருக்கு ஆபத்தான ரத்தப்போக்கு ஏற்பட்டது. 2008-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில் பெமெட்ரெக்செட் என்ற கீமோ மருந்து அடினோகார்சினோமாவில் கூடுதல் பலன் தந்தது, ஸ்குவாமஸில் தரவில்லை. ஆக, வகை தெரியாமல் மருந்து தொடங்கினால் பணம் மட்டும் போகாது, சில நேரம் உயிரும் போகும்.

அடினோகார்சினோமாவுக்குள்ளும் பிரிவுகள் இருக்கின்றன. 2004-ல் ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம்தான் ஜெஃபிடினிப் மாத்திரைக்குச் சிலர் அசாதாரணமாக நலம் பெறுவதற்குக் காரணம் என்று தெரிந்தது. 2007-ல் ஏஎல்கே மரபணு இன்னொரு மரபணுவுடன் ஒட்டிக்கொள்ளும் இன்னொரு பிரிவு கண்டறியப்பட்டது. இங்கே 2009-ல் வெளியான ஐபாஸ் ஆய்வைச் சொல்லாமல் நகர முடியாது. கிழக்காசிய நாடுகளில், புகைக்காத அல்லது மிகக் குறைவாகப் புகைத்த அடினோகார்சினோமா நோயாளிகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு ஜெஃபிடினிப் மாத்திரை, பாதிப் பேருக்குக் கீமோ என்று கொடுத்தார்கள். ஈஜிஎஃப்ஆர் மாற்றம் உள்ளவர்களில் மாத்திரை சுமார் ஒன்பதரை மாதம் நோயைக் கட்டி வைத்தது, கீமோ ஆறு மாதத்துக்குச் சற்று மேல். மாற்றம் இல்லாதவர்களிலோ அதே மாத்திரை சுமார் ஒன்றரை மாதம்தான் தாக்குப்பிடித்தது, கீமோவே மேல். நோயாளிகள் எல்லாரும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி. பெயரும் ஒன்றே. ஆனால் மாத்திரை ஒருவருக்கு வரம், அடுத்தவருக்கு வீணாகிப்போன மாதங்கள்.

இந்தியாவில் அடினோகார்சினோமா நோயாளிகளில் ஏறத்தாழ கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இந்த ஈஜிஎஃப்ஆர் மாற்றம் காணப்படுகிறது. ஐரோப்பியர்களில் 10 முதல் 15 சதவீதம்தான். அதனால் நம் ஊரில் இதைச் சோதிக்காமல் கீமோ தொடங்குவது எந்தக் கணக்கிலும் சரிவராது.

சேலத்துக்கு வருவோம். இங்கே நோயாளி புற்றுநோய் மருத்துவரிடம் வந்து சேரும் பாதை நீளமானது. இருமல், எடை குறைவு, சளியில் கொஞ்சம் ரத்தம். எக்ஸ்ரேயில் ஒரு நிழல். நம் நாட்டில் இந்த அறிகுறிகளைப் பார்த்ததும் முதலில் நினைவுக்கு வருவது காசநோய், அதில் தப்பும் இல்லை. சளியை, காசநோய்க் கிருமியைத் தேடும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் கருவியில் பார்ப்பார்கள். கிருமி இல்லை என்று வந்த பிறகும் நிழலை நம்பி காசநோய் மாத்திரை தொடங்குவது உண்டு. இரண்டு மூன்று மாதம் போன பிறகு, நிழல் சுருங்கவில்லையே என்று சிடி ஸ்கேன் எடுப்பார்கள்.

சேர்வராயன் மலையில் காபித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சிற்றூர்களைச் சேர்ந்த பெண்கள் விஷயத்தில் இந்தத் தாமதம் இன்னும் கூடுவதற்கு வாய்ப்பிருக்கிறது. பீடி, சிகரெட் பழக்கம் இல்லை என்றதுமே புற்றுநோய் என்ற ஐயம் பின்னுக்குப் போய்விடுகிறது. ஆனால் புகைக்காத பெண்களுக்கு வருவது பெரும்பாலும் அடினோகார்சினோமா. அதில்தான் ஈஜிஎஃப்ஆர் மாற்றம் மிக அதிகம், அதற்குத்தான் மாத்திரையே இருக்கிறது. கேஸ் அடுப்பு வந்துவிட்டாலும் மலைக்குளிருக்கு வெந்நீர் வைக்க விறகடுப்பு எரிகிறது. வீட்டுக்குள் விறகு எரிக்கும் புகையை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, அநேகமாகப் புற்றை உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில் வைத்திருக்கிறது. ஏற்காடு அடிவாரத்தில் வெள்ளைக்கல் எனப்படும் மேக்னசைட் சுரங்கங்கள் இருப்பதால் எல்லாப் பழியையும் அந்தத் தூசின் மேல் போடும் பழக்கம் ஊரில் உண்டு. ஆனால் அந்த முகமை உறுதியான புற்றுக்காரணி என்று வைத்திருப்பவை புகையிலைப் புகை, கல் உடைக்கும்போது பறக்கும் சிலிகாத் தூசு, டீசல் புகை போன்றவை. பீடி பிடித்தவர், நிழல் நடுவில் இருக்கிறது என்றால் ஸ்குவாமஸ் அல்லது சிறு செல். பீடியே தொடாத பெண், நிழல் ஓரத்தில், நெஞ்சில் நீர் என்றால் அடினோகார்சினோமா. அனுபவமுள்ள மருத்துவர் மனதுக்குள் இப்படி ஒரு ஊகம் வைத்திருப்பார். ஊகத்தை வைத்து மருந்து எழுத மாட்டார்.

எனவே ஊசி. சிடி ஸ்கேன் பார்த்துக்கொண்டே நெஞ்சுச் சுவர் வழியாக ஊசி விட்டுத் துணுக்கு எடுப்பார்கள், அல்லது மூச்சுக்குழாய் வழியே பிராங்கோஸ்கோப்பி செய்வார்கள். எடுத்த துணுக்கை மெழுகுக் கட்டையில் பதித்து, மெல்லிய சீவல்களாக்கிச் சாயம் ஏற்றுவார்கள். டிடிஎஃப்-1 சாயம் பிடித்தால் அடினோகார்சினோமா பக்கம், பி40 பிடித்தால் ஸ்குவாமஸ் பக்கம், சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் போன்றவை பிடித்தால் சிறு செல் பக்கம். துணுக்கு சிறிதாக இருக்கும்போது சாயங்களைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள், மரபணுச் சோதனைக்குச் சதை மிச்சம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வகைப்பாடே சொல்கிறது. நடைமுறையில் பல நேரம் மிச்சம் இருப்பதில்லை. ஊசியால் நுரையீரல் ஓட்டையாகி நெஞ்சுக்குள் காற்று புகும் ஆபத்தும் உண்டு. நாற்பது வருடம் பீடி பிடித்து நுரையீரல் ஊதிப்போனவருக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். ரத்தத்தில் பார்க்க முடியாதா என்ற கேள்வி மருத்துவர்களுக்கே எழுந்தது இதனால்தான்.

முதலில் வந்தவை புரதங்கள். அடினோகார்சினோமாவில் சிஇஏ கூடும். ஸ்குவாமஸில் சைஃப்ரா 21-1, எஸ்சிசி ஆன்டிஜென் ஆகியவை கூடும். சிறு செல்லில் என்எஸ்இ, புரோஜிஆர்பி. இந்த ஐந்தையும் சேர்த்துப் பார்த்தால் வகையை ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் ஒவ்வொன்றும் வேறு காரணத்தாலும் ஏறும். சிஇஏ புகைப்பவர்களுக்குப் புற்று இல்லாமலே கொஞ்சம் கூடியிருக்கும். எஸ்சிசி சொரியாசிஸ் போன்ற தோல் நோயிலும் ஏறும். புரோஜிஆர்பி சிறுநீரகம் பழுதானால் ஏறும், அதனால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினைப் பார்க்காமல் அந்த எண்ணைப் படிக்கவே கூடாது. என்எஸ்இயின் கதை நம் ஊருக்கு ரொம்பப் பொருந்தும். அது சிவப்பணுக்களுக்குள்ளும் இருக்கிறது. வாழப்பாடியிலோ ஆத்தூரிலோ காலையில் எடுத்த ரத்தம் பைக்கில் குலுங்கிக் குலுங்கி மாலையில் சேலம் லேபுக்கு வந்தால், வழியிலேயே சிவப்பணுக்கள் உடைந்து என்எஸ்இ ஏறிவிடும். நோயாளிக்கு ஒன்றுமே இருக்காது, சாலைதான் மோசம்.

என் கருத்தில் இந்த ஐந்தில் வகை சொல்லும் தகுதி உள்ளது புரோஜிஆர்பி மட்டும்தான். சிறுநீரகம் நன்றாக இருந்து, நுரையீரலில் கட்டியும் இருந்து, இது மிக அதிகமாக இருந்தால் சிறு செல் என்ற ஐயம் வலுக்கும். மற்றவை, நோய் உறுதியான பிறகு சிகிச்சைக்கு அடங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே போக உதவும். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் 'டியூமர் மார்க்கர் பேக்கேஜ்' என்று ஆயிரங்களைக் கொட்டுவது வீண்செலவு, கூடவே வீண்பயம்.

இன்றைய பரபரப்பு டிஎன்ஏ பற்றியது. ரத்தத்தின் திரவப் பகுதியில் செல்லுக்கு வெளியே டிஎன்ஏ மிதக்கிறது என்பது 1948-லேயே தெரியும். புற்றுநோயாளிகளிடம் அது அதிகம் என்று 1977-ல் தெரிந்தது. செல்கள் சாகும்போது அவற்றின் டிஎன்ஏ சுமார் 166 எழுத்து நீளத் துண்டுகளாக உடைந்து ரத்தத்தில் கலக்கிறது. சில மணி நேரத்துக்குள் உடல் அதைப் பெருமளவு துடைத்துவிடும். அதனால் இன்று எடுத்த ரத்தம் இன்றைய நிலையைக் காட்டும். ஆனால் அந்தத் துண்டுகளில் பெரும்பகுதி நம் வெள்ளணுக்களுடையது. கட்டியிலிருந்து வந்தது பல நேரம் ஒரு சதவீதத்துக்கும் கீழே. அதைப் பொறுக்கியெடுக்க டிஜிட்டல் பிசிஆர், புதிய தலைமுறை மரபணு வரிசையாக்கம் போன்ற தொழில்நுட்பங்கள் வந்த பிறகுதான் காரியம் கைகூடியது. 2016 ஜூனில் அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ முதன்முறையாக ரத்தத்தில் ஈஜிஎஃப்ஆர் பார்க்கும் சோதனைக்கு அனுமதி தந்தது. 2020-ல் ஒரே குழாய் ரத்தத்தில் பல பத்து மரபணுக்களைப் பார்க்கும் சோதனைகளுக்கும் அனுமதி கிடைத்தது.

வகை விஷயத்தில் இது எப்படி உதவுகிறது? நேரடியாக இல்லை, சுற்றி வந்து உதவுகிறது. ரத்தத்தில் ஈஜிஎஃப்ஆரின் 19-ஆம் பகுதியில் (எக்ஸான்) நீக்கம் இருக்கிறது, அல்லது எல்858ஆர் என்ற எழுத்து மாற்றம் இருக்கிறது என்று வந்தால், நுரையீரலில் உள்ளது அடினோகார்சினோமாவாக இருக்கவே வாய்ப்பு மிக அதிகம். ஏஎல்கே, ஆர்ஓஎஸ்1 மாற்றங்களும் அப்படித்தான். கட்டி வளர்வதைத் தடுக்கும் மரபணுக்களான ஆர்பி1, டிபி53 இரண்டும் ஒருசேரப் பழுதாகியிருந்தால் சிறு செல்லை நினைக்க வேண்டும். ஆனால் டிபி53 மட்டும் வந்தால் அவசரப்படக் கூடாது. வயதானவர்களின் ரத்த அணுக்களிலேயே டிபி53 உள்ளிட்ட சில மரபணு மாற்றங்கள் உருவாகியிருக்கும். அதற்கும் நுரையீரலுக்கும் சம்பந்தமே இருக்காது. நல்ல லேப் வெள்ளணுக்களின் டிஎன்ஏவையும் தனியாகச் சோதித்து அவற்றைக் கழித்துவிடும்.

ரத்தச் சோதனையில் எதிர்பார்த்த மாற்றம் 'உண்டு' என்று வந்தால் பெரும்பாலும் நம்பலாம். 'இல்லை' என்று வந்தால் நம்பக் கூடாது. மேட்டூர் அணையில் ஒரு தடவை வலை வீசி மீன் சிக்கவில்லை என்பதால் அணையில் மீனே இல்லை என்று எந்த மீனவரும் சொல்ல மாட்டார். கல்லீரலுக்கும் எலும்புக்கும் பரவிய நோய் ரத்தத்தில் நிறைய டிஎன்ஏவை உதிர்க்கும். நெஞ்சுக்குள்ளேயே அடங்கியிருக்கும் சின்னக் கட்டியும் மூளைக்கு மட்டும் பரவிய நோயும் அவ்வளவாக உதிர்க்காது. சதையில் மாற்றம் இருப்பவர்களில் நான்கில் ஒருவருக்காவது ரத்தம் 'இல்லை' என்று சொல்லிவிடும். ரிப்போர்ட்டில் 'மாற்றம் காணப்படவில்லை' என்று இருந்தால், பார்த்த அளவில் கிடைக்கவில்லை என்றுதான் அதைப் படிக்க வேண்டும். அப்போது ஊசிக்கே திரும்பத்தான் வேண்டும்.

ஊரையும் கணக்கில் எடுக்க வேண்டும். சேலத்தில் எடுக்கும் ரத்தம் பெரும்பாலும் சென்னை, பெங்களூர் போன்ற பெருநகரங்களின் லேபுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். ரத்தம் கட்டாமல் காக்கும் வழக்கமான இடிடிஏ குழாயில் எடுத்தால் சில மணி நேரத்துக்குள் திரவப் பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளணுக்கள் உடைந்து, இருக்கிற கொஞ்சநஞ்சப் புற்று டிஎன்ஏவும் அந்தக் கூட்டத்தில் கரைந்துபோகும். அணுக்கள் உடையாமல் காக்கும் திரவம் கொண்ட தனிக் குழாய்கள் இருக்கின்றன. அறை வெப்பத்தில் நாள் கணக்கில் தாங்கும், ஆனால் குளிரில் பனிக்கட்டியாக உறைய விடக் கூடாது. பரவலாகப் பயன்படும் குழாய்களுக்கு மேல் வரம்பு 37 டிகிரி. சித்திரை மாதத்தில் சேலம் வெயில் 40-ஐத் தொடும், கூரியர் வண்டிக்குள் எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. எந்தக் குழாயில் எடுத்தார்கள், எத்தனை மணிக்கு எடுத்தார்கள், எப்போது லேபுக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

சரி, வகையை நேரடியாகவே சொல்லும் ரத்தச் சோதனை வரவே வராதா? வரும் என்று நம்பக் காரணம் இருக்கிறது. ஒரு செல் நுரையீரல் செல்லா, சிறு செல் புற்றில் காண்பது போல நரம்புத் தன்மை கொண்ட செல்லா என்பதை மரபணுவில் உள்ள எழுத்துகள் முடிவு செய்வதில்லை. எந்த மரபணு திறந்திருக்கிறது, எது பூட்டியிருக்கிறது என்பதே முடிவு செய்கிறது. பூட்டுவதற்குச் செல் பயன்படுத்தும் வழிகளில் ஒன்று, டிஎன்ஏ மேல் மெத்தில் என்ற சிறு வேதிக் குழுவை ஒட்டுவது. சிறு செல், அடினோகார்சினோமா, ஸ்குவாமஸ் மூன்றிலும் இந்த ஒட்டுகள் விழும் இடங்கள் வேறுவேறு. எஸ்ஹெச்ஓஎக்ஸ்2, ஆர்ஏஎஸ்எஸ்எஃப்1ஏ போன்ற மரபணுக்களில் ஒட்டு விழுந்திருப்பதை ரத்தத்திலும் மூச்சுக்குழாய் கழுவிய நீரிலும் தேடலாம். இன்னொரு வழி, டிஎன்ஏ எங்கெங்கே உடைந்தது என்று பார்ப்பது. திறந்திருக்கும் பகுதிகளில் பாதுகாப்பு குறைவு, அதனால் உடையும் விதம் மாறும். ஏஎஸ்சிஎல்1 என்ற புரதம் சிறு செல் புற்றின் தலைமைச் சாவிகளில் ஒன்று. அது உட்காரும் இடங்களைச் சுற்றித் துண்டுகள் எப்படிச் சிதறியிருக்கின்றன என்பதை வைத்தே சிறு செல்லை மற்றவற்றிலிருந்து பிரிக்க முடியும் என்று 2021-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த வேலை இது. மரபணு மாற்றத்தையே தேடாமல், உடைந்த துண்டுகளை வைத்து உடைந்த செல் எது என்று சொல்கிறார்கள். ஆனால் இதை நம்பிச் சிகிச்சை தொடங்கும் நிலை இன்னும் வரவில்லை.

மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் சிறு துணுக்குகளான மைக்ரோ ஆர்என்ஏ பற்றியும் நிறையப் பேச்சு, 2024-ன் மருத்துவ நோபல் பரிசே அதன் கண்டுபிடிப்புக்குத்தான். அவற்றில் ஒன்றான எம்ஐஆர்-205 ஸ்குவாமஸில் கூடியிருப்பது சதையில் நன்றாகவே நிறுவப்பட்டது. ரத்தத்துக்கு வந்தால் ஒரு லேபின் முடிவு இன்னொரு லேபோடு ஒத்துப்போவதில்லை. மூச்சுக்காற்றை வைத்துக் கண்டறியும் 'மின்னணு மூக்கு' இன்னும் தூரத்தில் இருக்கிறது.

கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஒன்றைப் பற்றி இவ்வளவு பேச்சு இல்லாததுதான் எனக்கு ஆதங்கம். நெஞ்சில் கோத்த நீர். நுரையீரல் புற்றில், குறிப்பாக அடினோகார்சினோமாவில், நுரையீரலைச் சுற்றி நீர் சேர்வது சாதாரணம். மூச்சு வாங்குகிறது என்று வரும் நோயாளிக்கு முதலில் செய்வதே நீரை உறிஞ்சி எடுப்பதுதான். இதை ஊசியே படாத சோதனை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஊசி சிகிச்சைக்காக எப்படியும் போடப்படுவது. சிறிய ஆஸ்பத்திரிகளில் என்ன நடக்கிறது? காசநோயா என்று பார்க்க ஏடிஏ சோதனைக்குக் கொஞ்சம், செல்களைப் பார்க்கக் கொஞ்சம். மீதி அரை லிட்டரோ ஒரு லிட்டரோ கழிவில் போகிறது.

அந்த நீரில் எல்லாமே இருக்கக்கூடும். அதைச் சுழற்றி அடியில் தங்கும் செல்களை மெழுகுக் கட்டையாக்கினால், செல் பிளாக் என்பார்கள், ஊசியில் எடுத்த சதைக்குச் செய்யும் அத்தனை சாயங்களையும் அதற்கும் செய்யலாம். டிடிஎஃப்-1, பி40 எல்லாம் பார்த்து வகையை உறுதியாகவே சொல்லிவிடலாம். மேலே தெளிந்து நிற்கும் நீரில் கட்டியின் டிஎன்ஏ பெரும்பாலும் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகமாக இருக்கும். நோய் நெஞ்சைத் தாண்டாத நிலையில் ரத்தம் கைவிடும் இடத்தில் இந்த நீர் கைகொடுக்கும். ஆக, வகை, மருந்து என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒரே பாட்டிலில் பதில் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. இதற்குப் புதுக் கருவி எதுவும் வேண்டாம். செல் பிளாக் எந்த நோய்க்குறியியல் துறையிலும் செய்யக்கூடியதே. நீரில் நிணநீர் அணுக்கள் அதிகம் என்ற ஒன்றை மட்டும் வைத்துக் காசநோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. புற்றிலும் அப்படி இருக்கும். வீட்டில் யாருக்காவது இப்படி நீர் எடுக்கிறார்கள் என்றால், "செல் பிளாக்குக்கு அனுப்பறீங்களா டாக்டர்?" என்று எடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

நோயாளி மாத்திரையில் நன்றாக இருந்து, பிறகு கட்டி மீண்டும் வளரும் கட்டத்தில் ரத்தச் சோதனையின் மதிப்பு முழுமையாகத் தெரியும். ஜெஃபிடினிப், எர்லோடினிப் போன்ற பழைய மாத்திரைகளில் இருந்தவர்களில் பாதிக்கும் சற்று அதிகமானவர்களிடம் டி790எம் என்ற புது மாற்றம் தோன்றுகிறது. அது ரத்தத்தில் தெரிந்தால் ஊசியே வேண்டாம், ஓசிமெர்டினிப் மாத்திரைக்கு மாறிவிடலாம். இப்போது பலருக்கு ஓசிமெர்டினிப்பையே முதலில் தருகிறார்கள். 2024 ஜூலை பட்ஜெட்டில் சுங்க வரி முழுதாக விலக்கப்பட்ட மூன்று புற்றுநோய் மருந்துகளில் இதுவும் ஒன்று. அப்படியும் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எளிதில் எட்டுவதாக இல்லை.

ஆனால் இதே கட்டத்தில்தான் ரத்தம் காலை வாரிவிடுவதும் நடக்கும். நூற்றில் மூன்று முதல் பத்துப் பேருக்கு அடினோகார்சினோமாவே சிறு செல்லாக உருமாறிவிடுகிறது. ரத்தத்தில் பழைய ஈஜிஎஃப்ஆர் மாற்றம் அப்படியே தெரியும், ஏனென்றால் உருமாறிய செல்லிலும் அது இருக்கும். ரிப்போர்ட்டைப் பார்த்தால் பழைய நோயேதான் என்று தோன்றும். மாத்திரையோ கேட்காது. புரோஜிஆர்பி, என்எஸ்இ திடீரென்று ஏறுவதும், ஆர்பி1, டிபி53 இரண்டும் பழுதாகியிருப்பதும் சந்தேகத்தைக் கிளப்பலாம். உறுதி செய்ய மறுபடியும் சதை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும், சிகிச்சையும் சிறு செல்லுக்கான கீமோவாக மாறும்.

அப்போது முதல் தடவை எடுத்த மெழுகுக் கட்டை கையில் இருந்தால் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். சேலத்தில் தொடங்கி, சென்னை அடையாறுக்கோ வேலூருக்கோ போய், மறுபடி சேலம் வரும் குடும்பங்கள் ஸ்கேன் படங்களைப் பத்திரமாக வைத்திருப்பார்கள், கட்டையை மறந்துவிடுவார்கள். அது முதல் சோதனை நடந்த லேபில் இருக்கும். கட்டையின் எண்ணைச் சொல்லி எழுத்தில் கேட்டால் வேறு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகத் தருவார்கள்.